வெளிநாட்டு மருந்துக்கடையில் எதைப் படித்து வாங்குவது?

அடுத்த மாதம் அம்மாவையும் ஆறு வயது மகனையும் கூட்டிக்கொண்டு மூன்று நாடுகளில் இருபது நாள் சுற்றப் போகிறீர்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். வழியில் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று ஏதாவது வந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் அங்கேயே மருந்து வாங்கிக்கொள்ளலாமா, இல்லை எல்லாவற்றையும் இங்கிருந்தே எடுத்துப் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி வாங்குவதைப் பற்றியதாகத் தெரிந்தாலும் உங்கள் கவலை அதுவல்ல என்று நினைக்கிறேன். சாதாரண காய்ச்சல் மாத்திரை கிட்டத்தட்ட எந்த நாட்டிலும் கிடைத்துவிடும். வாங்கிய பெட்டிக்குள் இருப்பது நமக்குத் தெரிந்த மருந்துதானா, அதை அம்மாவுக்கும் பையனுக்கும் நம்பிக் கொடுக்கலாமா என்பதுதானே பயம்? நியாயமான பயம்தான். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் மருந்தாளுநர். இருபத்தைந்து வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்று மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். டாக்டர் அல்ல. வந்திருப்பது என்ன நோய் என்று சொல்வது என் வேலை இல்லை, கையில் இருக்கும் மருந்து என்ன செய்யும் என்று சொல்வதுதான் என் வேலை. உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான்: அம்மா தினமும் சாப்பிடும் மாத்திரை முழுவதும் உங்களோடு வர வேண்டும். முதல் இரண்டு நாளைக்குத் தேவையான சில்லறை மருந்துகளும் வரட்டும். மீதியை அங்கே வாங்கலாம், ஆனால் பழகிய பிராண்ட் பெயரைச் சொல்லி வாங்கக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அந்தப் பெயரில் என்ன மருந்தை விற்பது என்பது நாட்டுக்கு நாடு மாறலாம். பெனட்ரில் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பெனட்ரில் அலர்ஜி மாத்திரை என்றால் உள்ளே இருப்பது டைஃபென்ஹைட்ரமின். சாப்பிட்டால் கண்ணைச் சொக்கும். பிரிட்டனில் பெனட்ரில் அலர்ஜி என்று வாங்கினால் உள்ளே செட்டிரிசினோ அக்ரிவாஸ்டினோ இருக்கும், தூக்கம் அந்த அளவுக்கு வராது. ஒன்றைச் சாப்பிட்டுப் பழகியவர் இன்னொரு நாட்டில் அதே பெயரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே கூட இது மாறும். நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் ஜான்டாக் என்றால் ரானிட்டிடின் என்று பல வருஷம் எல்லோருக்கும் மனப்பாடம். 2020-ல் ரானிட்டிடினை அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே ஜான்டாக் 360 என்ற பெயரில் விற்பது ஃபமோட்டிடின் என்ற வேறு மருந்து.

சீட்டு வேண்டிய மருந்துகளில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஃப்ளோமேக்ஸ் என்பது டாம்சுலோசின், பிராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுப்பது. இத்தாலியில் அதே பெயரில் விற்றது மோர்னிஃப்ளுமேட் என்ற வலி, வீக்க மருந்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006-ல் இந்த மாதிரிப் பெயர்களைக் குறிப்பிட்டு, வெளிநாட்டில் மருந்து வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது.

அப்படியானால் எதைப் படிப்பது? பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மூல மருந்தின், அதாவது உள்ளே வேலை செய்யும் பொருளின் பெயர் இருக்கும், பக்கத்தில் மில்லிகிராம் கணக்கு இருக்கும். மருந்தின் உண்மையான அடையாளம் அந்த ஒரு வரிதான். உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் மூல மருந்துகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான பெயர்களை வெளியிட்டு வருகிறது. அதனால் மொழி தெரியாத ஊரிலும் அந்த வரியை ஓரளவு அடையாளம் காண முடியும். இத்தாலிக்காரர் பாராசிட்டமோலோ என்று எழுதுவார், வால் மட்டும்தான் கொஞ்சம் மாறியிருக்கும். மாறாத பெயருக்கும் சில விதிவிலக்குகள் உண்டு. நமக்குப் பழக்கமான பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜப்பானிலும் பெயர் அசெட்டமினோஃபென். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் அமெரிக்காவில் ஆல்பியூட்டரால். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பயணிக்கு வரும் பெயர்க் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் நீங்கள் மூன்று பேரும் சாப்பிடும் ஒவ்வொரு மருந்துக்கும் மூலப்பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்த மருந்துக்காவது ஒவ்வாமை இருந்தால் அதைத் தாளின் தலையில் எழுதுங்கள். பெட்டியையும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அட்டையைக் கத்தரித்துத் துண்டுகளாக எடுத்துப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கவுண்டரில் இப்படி ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டி, இது என்ன மாத்திரை என்று என்னிடம் கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. பல அட்டைகளில் பெயரும் காலாவதி தேதியும் ஒரு மூலையில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். கத்தரித்தபோது அந்த மூலை எங்கேயோ போயிருக்கும். மிஞ்சிய துண்டில் நாலு வெள்ளை மாத்திரை. இருபத்தைந்து வருஷம் பார்த்த எனக்கே அது என்ன என்று சொல்ல முடியாது, வெளிநாட்டு மருந்தாளுநருக்கு எப்படித் தெரியும்? அட்டையை முழுசாக, பெட்டியோடு எடுத்துப் போங்கள்.

பெயர் சரியாக இருந்தாலும் அளவு மாறும். பிரான்ஸுக்கு ஒருமுறை போயிருந்தபோது கூட வந்த நண்பருக்கு இரவில் காய்ச்சல் அடித்தது. பாராசிட்டமால் வாங்கி வந்தோம். வீட்டில் 500 மி.கி. மாத்திரை இரண்டு போட்டுப் பழகியவர், அதே பழக்கத்தில் இரண்டை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரும் ஊற்றிவிட்டார். நான் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மொத்தமே எட்டு மாத்திரைதான், ஒவ்வொன்றும் 1000 மி.கி. அங்கே அது சீட்டு இல்லாமலே கிடைக்கும் சாதாரண அளவு. அவர் கையில் இருந்தது இரண்டு கிராம். ஒன்றைத் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். எத்தனை மாத்திரை என்று நினைவில் வைப்பதை விட்டுவிட்டு எத்தனை மில்லிகிராம் என்று நினைவில் வையுங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவார்கள் என்பதையும் கவனியுங்கள். அங்கே 2,5 மி.கி. என்று எழுதியிருந்தால் இரண்டரை என்று அர்த்தம், இருபத்தைந்து இல்லை.

பாராசிட்டமாலைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. பாதுகாப்பான மருந்துதான், ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது மேல்வரம்பு. மெலிந்த உடம்பு உள்ளவர்கள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், தினமும் மது அருந்துகிறவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு. சளி, ஃப்ளூ என்று விற்கும் கலவை மாத்திரைகளிலும் வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் பொடிகளிலும் பெரும்பாலும் இதுவே ஒளிந்திருக்கும். பயணம் முடிந்து திரும்பிய ஒருவர் மிச்சமிருந்த இரண்டு பெட்டிகளை என் கவுண்டரில் வைத்து, இதெல்லாம் இங்கேயும் கிடைக்குமா என்று கேட்டார். ஒன்று 500 மி.கி. காய்ச்சல் மாத்திரை, மற்றது சளிக்கான பொடி. பொடிப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன், ஒவ்வொன்றிலும் 1000 மி.கி. பாராசிட்டமால். இரண்டையும் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மாத்திரை இரண்டு வீதம் மூன்று வேளை, பொடி மூன்று வேளை என்றார். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 6 கிராம், அதுவும் மூன்று நாள். அப்போதே டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இதில் கொடுமை என்னவென்றால், அளவு மீறிய முதல் நாள் உடம்பு பெரிதாக எதையும் காட்டாது. அதன் நச்சை முறிக்கும் மருந்து உண்டு. மொத்தமாக அதிகம் சாப்பிட்டுவிட்டால் எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். தெரியாமல் கூடுதலாகப் போட்டுவிட்டால் வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இப்போது பையன். குழந்தை சிரப்பில்தான் வெளிநாட்டில் நான் அதிகம் பயப்படுவது, ஏனென்றால் ஒரே மருந்து ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு செறிவில் இருக்கும். பாராசிட்டமால் சிரப் பிரிட்டனில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு விதம். அமெரிக்காவில் 5 மி.லி.க்கு 160. சில நாடுகளில் கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து ஒரே மி.லி.யில் 100 மி.கி. வரை இருக்கும். குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடை கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது கணக்கு. உங்கள் மகன் 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு வேளைக்கு 200 முதல் 300 மி.கி., நடுவாக 250 என்று வைப்போம். 120 சிரப்பில் அதற்குச் சுமார் 10 மி.லி. வேண்டும், 160 சிரப்பில் 8 மி.லி.க்குக் கொஞ்சம் குறைவு, 250 சிரப்பில் 5 மி.லி., சொட்டு மருந்தில் இரண்டரை மி.லி. வீட்டு ஞாபகத்தில் 10 மி.லி. என்று சொட்டு மருந்தை ஊற்றிக் கொடுத்தால் நாலு மடங்கு போய்விடும். அதனால் மருந்தாளுநரிடம் வயதை மட்டும் சொல்லாமல் எடையைச் சொல்லுங்கள், எத்தனை மி.லி. என்று அவரையே பெட்டியின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். அளக்க அவர்கள் தரும் சிரிஞ்சையோ மூடியையோ மட்டும் பயன்படுத்துங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நாலு மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம்.

குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது. அரிதாக வந்தாலும் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டு. பிரிட்டனில் 16 வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் கொடுப்பதே இல்லை. கோடீன் கலந்த இருமல் மருந்தும் 12 வயதுக்குக் கீழே கூடாது, மூச்சு மட்டுப்படும். இரண்டையும் மூலப்பெயர் வரியில் தேடிப் பாருங்கள்.

அம்மாவுக்கு வருவோம். மூக்கடைப்புக்கு என்று விற்கும் மாத்திரைகளில் சூடோஎபிட்ரின் இருக்கலாம். அது ரத்தக் குழாயைச் சுருக்கித்தான் மூக்கைத் திறக்கிறது, அதனால் ரத்த அழுத்தம் ஏறும். அம்மாவுக்கு அது வேண்டாம். சளிக்கான கலவை மாத்திரை எதுவானாலும் அவருக்கு வாங்காமல் இருப்பதே நல்லது. மூக்கில் விடும் உப்புநீர் ஸ்ப்ரேயும் தேவைப்பட்டால் பாராசிட்டமாலும் போதும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அழுத்தத்தைக் கூட்டும், ரத்த அழுத்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அவருடைய மாத்திரைகளில் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் பெயர் பிரில் என்றோ சார்ட்டன் என்றோ முடியும் மருந்தும் இருந்தால், ஐபுப்ரோஃபென் மூன்றாவதாகச் சேரும்போது சிறுநீரகத்துக்கு ஆபத்து. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியிருக்கும் நேரத்தில் அது இன்னும் அதிகம். பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்கிறேன். தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் பாராசிட்டமால் மாத்திரையில் சோடியம் நிறைய உண்டு, சிலவற்றில் ஒரு மாத்திரைக்கே ஏறக்குறைய 400 மி.கி. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கும் ஒருவர் நாள் முழுக்க அதைக் குடிக்கக் கூடாது. விழுங்கும் மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள்.

அவர் தினமும் சாப்பிடும் மாத்திரையை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பல நாடுகளில் உள்ளூர் டாக்டர் சீட்டு இல்லாமல் தரவே மாட்டார்கள். இருபது நாளுக்கு முப்பது நாள் மாத்திரை எடுத்துக்கொண்டு, அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கைப்பையிலும் மறு பாதியை உங்கள் இன்னொரு பையிலும் வையுங்கள். விமானத்தில் சரக்கோடு போடும் பெட்டிக்குள் வேண்டாம், பெட்டி தொலைந்தால் மருந்தும் தொலையும்.

வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல், அதாவது ஓ.ஆர்.எஸ். பொடி. எந்த நாட்டிலும் மருந்துக்கடையில் கேட்கலாம். ஆனால் பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று படிக்காமல் கரைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி வருவது ஒரு லிட்டர் தண்ணீருக்கானது, சில நாடுகளில் 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட் விற்கிறார்கள். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு ஆகிவிடும், குழந்தைக்கு அது நல்லதல்ல. போக்கை நிறுத்தும் லோபெரமைடு பெரியவர்களுக்கு நீண்ட பஸ் பயணத்தின்போது உதவும். முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு முறை போன பின்னும் 2 மி.கி., சீட்டில்லாமல் சாப்பிடும்போது நாளொன்றுக்கு 8 மி.கி.க்கு மேல் வேண்டாம். மலத்தில் ரத்தம் இருந்தாலோ கடுமையான காய்ச்சல் இருந்தாலோ தொடக் கூடாது. பையனுக்கு வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் எல்லோரும் கைகாட்டும் பெப்டோ-பிஸ்மால் என்ற இளஞ்சிவப்பு மருந்தில் ஆஸ்பிரினின் உறவுக்கார மருந்து இருக்கிறது. அதனால் அது குழந்தைக்கு ஆகாது. அம்மா ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மருந்தோ சாப்பிடுகிறார் என்றால் அவருக்கும் ஆகாது. நீங்கள் சாப்பிட்டால் நாக்கும் மலமும் கறுத்துப்போகலாம், அது தானாகச் சரியாகிவிடும்.

டெங்கு இருக்கும் வெப்பமண்டல நாடு எதுவும் உங்கள் பட்டியலில் இருந்தால், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் கூடாது, ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

எந்தக் கடைக்குப் போவது என்பதிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் சூப்பர் மார்க்கெட் அலமாரியிலேயே காய்ச்சல் மாத்திரை பெரிய பெரிய டப்பாவில் இருக்கும். பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட்டில் 16 மாத்திரை கொண்ட சின்னப் பெட்டிதான், மருந்துக்கடையில் 32. அளவு மீறிச் சாப்பிடுவதைத் தடுக்க 1998-ல் கொண்டுவந்த விதி அது. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் சூப்பர் மார்க்கெட்டில் தேடிப் பயனில்லை, மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டும். பிரான்ஸில் 2020 ஜனவரி முதல் பாராசிட்டமாலைக்கூடக் கவுண்டருக்குப் பின்னால்தான் வைக்கிறார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஜெர்மனியில் ட்ரோகரி என்று பலகை உள்ள கடை சோப்பு, ஷாம்பு கடை மாதிரி. மாத்திரைக்குச் சிவப்பு நிறத்தில் பெரிய 'ஏ' எழுத்து போட்ட அப்போத்தேக்கேயைத் தேடுங்கள். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலியில் பச்சைச் சிலுவை விளக்கு. இரவிலும் விடுமுறையிலும் ஊருக்கு ஒரு கடையாவது முறை வைத்துத் திறந்திருக்கும், மூடிய கடையின் கதவிலேயே அன்றைக்கு எது என்று ஒட்டியிருப்பார்கள். ஜப்பானில் சீட்டில்லாமல் விற்கும் மருந்தையே மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு மருந்தை மருந்தாளுநர் இருக்கும் நேரத்தில் மட்டுமே தருவார்கள்.

கவுண்டரில் பேசும்போது வயிற்று வலி, தலைவலி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாக, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்ற நான்கையும் சொல்லுங்கள். உங்கள் தாளை நீட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். மூலப்பெயரைப் படிக்க எந்த ஊர் மருந்தாளுநருக்கும் தெரியும். மொழிபெயர்க்கும் போன் செயலி நல்லதுதான், ஆனால் மருந்து எப்படிப் பயன்படுத்துவது என்ற இடத்தில் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஜப்பானிய மொழியில் ஆசனவாயில் வைக்கும் மருந்துக்கான சொல்லை எழுத்துக்கு எழுத்து பிரித்தால் 'உட்காரும் மருந்து' என்று வரும். உட்கார்ந்து சாப்பிட வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பாவிலும் குழந்தைக் காய்ச்சலுக்கு இந்த வகை மருந்தைச் சாதாரணமாகக் கொடுப்பார்கள். தோட்டா வடிவத்தில், மெழுகு போல வழவழப்பாக, தனித்தனிப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் அது விழுங்குவதற்கில்லை. வாயைக் காட்டி, கையை அசைத்துக் கேட்டாவது உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேட்டதெல்லாம் கிடைக்கும் நாடுகளில் வேறு விதமான கவனம் வேண்டும். சீட்டே இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தருவார்கள், அதற்காக வாங்கிவிடாதீர்கள். சளிக்கும் ஃப்ளூவுக்கும் அது பயன்படாது. தோல் அரிப்புக்கு என்று தரும் களிம்பில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். படர்தாமரைக்குத் தடவினால் இரண்டு நாள் அடங்கி, பிறகு பெரிதாகப் பரவும். கண் சிவப்புக்குத் தரும் சொட்டிலும் ஸ்டீராய்டு உண்டா என்று கேளுங்கள். நாலைந்து மாத்திரைகளைப் பெயரில்லாத ஒரே சின்னப் பையில் போட்டு 'ஒரு வேளைக்கு' என்று கொடுத்தால், எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க வழியே இல்லாத மருந்து அது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருத்துவப் பொருள் தரம் குறைந்ததாகவோ போலியாகவோ இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2017-ம் ஆண்டு மதிப்பீடு. ஆகவே சந்தையிலும் நடைபாதையிலும் வாங்காமல் உரிமம் மாட்டியிருக்கும் நிலையான கடையில், சீல் உடையாத பெட்டியாக வாங்குங்கள்.

இதுவரை சொன்னவை எனக்கு உறுதியாகத் தெரிந்தவை. உறுதியில்லாத பக்கமும் இருக்கிறது. இருமல் சிரப்புகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அலமாரியில் நாற்பது வகை இருப்பதைப் பார்த்து எது சிறந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் ஃபீனைல்எஃப்ரின் வாய்வழி சாப்பிட்டால் பலனில்லை என்று 2023-ல் எஃப்.டி.ஏ.வின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அதை நீக்கலாம் என்று எஃப்.டி.ஏ.வே முன்மொழிந்தது. ஆனாலும் பல நாட்டுக் கடைகளில் அது விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நாட்டு மருந்து வீரியமானது, ஒரே வேளையில் கேட்கும் என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே மூல மருந்து, ஒரே மில்லிகிராம், ஒழுங்காகத் தயாரித்தது என்றால் பலனும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிந்தால் அளவு அதிகமாக இருந்திருக்கும், இல்லை கூட வேறு ஏதோ கலந்திருக்கும். அதையும் அந்தச் சின்ன எழுத்தில் படித்துவிடலாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விதிகள் அடிக்கடி மாறும். ஒரு நாட்டில் சாதாரணமாக வாங்கியது அடுத்த நாட்டின் எல்லையில் குற்றமாகலாம். மூன்று நாடு போகிறவருக்கு இது முக்கியம். சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. அமெரிக்காவில் அதே மருந்தை அடையாள அட்டை காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க முடியும். கோடீன் கலந்த வலி மாத்திரை பிரிட்டனில் சீட்டில்லாமல் கிடைக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2018 பிப்ரவரி முதல் சீட்டு வேண்டும், ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். ஆகவே நடுவழியில் இவற்றை வாங்காமல் இருப்பதே மேல். அம்மாவின் மாத்திரைகளுக்கு மூலப்பெயர் எழுதிய டாக்டர் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் வாங்கி வையுங்கள். அவற்றில் தூக்க மாத்திரையோ வலுவான வலி மாத்திரையோ இருந்தால் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தைக் கட்டாயம் பாருங்கள். சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியமும் பயணிகளுக்கான விதிகளை நாடுவாரியாக வெளியிடுகிறது.

மருந்துக்கடையைத் தாண்டி நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரங்களும் உண்டு. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, கழுத்து விறைப்போடு காய்ச்சல், மலத்தில் ரத்தம், பையன் ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடப்பது, மூன்று நாளாகியும் இறங்காத காய்ச்சல். இதில் எது வந்தாலும் கவுண்டரில் நேரத்தைக் கழிக்காதீர்கள். பயணக் காப்பீட்டின் அவசர எண்ணை அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

கிளம்பும்போது பையில் பாராசிட்டமால் ஒரு முழு அட்டை, பையனுக்கான சிரப் அதன் சிரிஞ்சோடு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து, ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் போதும். நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை தாக்குப்பிடிக்கலாம், பிறகு நிதானமாகக் கடை தேடலாம். போவதற்கு முந்தின வாரம் பையனை எடை பார்த்து அந்த எண்ணையும் தாளில் எழுதிவிடுங்கள். கவுண்டரில் நிற்கும்போது பெற்றோருக்கு முதலில் மறந்துபோவது அதுதான்.